வங்கத்து வண்ணக்கர்

கொல்கத்தா மாநகரில், ஊக்ளி ஆற்றங்கரையில், வெண்ணிறத் தூண்கள் வரிசையாக நிற்கும் மண்டபம் ஒன்று உண்டு. மாலை வேளைகளில் குடும்பத்தோடு அங்குச் செல்வோர் பலர். படகில் ஏறுவர், வித்யாசாகர் பாலத்தின் விளக்குகளைப் பார்ப்பர், தூண்களின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வர். அவ்விடத்தின் பெயர் பிரின்செப் படித்துறை. அருகிலுள்ள சக்கர இரயில் நிலையத்தின் பெயரும் அதுவே. அப்பெயருக்கு உரியவர் படைத்தலைவரும் அல்லர், ஆளுநரும் அல்லர். நாணயச்சாலையில் பணிபுரிந்து, ஒவ்வொரு வெள்ளிக் காசிலும் உண்மையாக எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று உருக்கியும் நிறுத்தும் சொன்னவர்.

இத்தொழில் செய்வோருக்குப் பழந்தமிழில் ஓர் அழகிய பெயர் இருந்தது. பொன்னையும் காசையும் சோதித்து அவற்றின் தரத்தைக் கூறுபவரை வண்ணக்கர் என்றனர். சங்கப் புலவர்களுள் வடம வண்ணக்கன் தாமோதரனார், வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் ஆகியோர் தம் பெயரிலேயே இத்தொழிலைத் தாங்கியுள்ளனர். உலோகத்தின் தூய்மையைக் குறிக்கும் சொல் மாற்று என்பதாகும். பத்தரை மாற்றுத் தங்கம் என்று இன்றும் நாம் சொல்கிறோம் அல்லவா? அந்த மாற்றை அறிவதே ஜேம்ஸ் பிரின்செப்பின் தொழில்.

அவர் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20-ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். தந்தை ஜான் பிரின்செப் இளமையில் வெறுங்கையோடு வங்கத்திற்கு வந்து, அவுரி வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் செப்புக் காசுகள் அடித்துக் கொடுத்தவரும் அவரே. ஆனால் அச்செல்வம் நிலைக்கவில்லை. ஜேம்ஸ் சிறுவனாக இருந்தபோதே குடும்பம் பொருள் இழந்து சிற்றூர் வாழ்க்கைக்கு மாறிற்று. பிள்ளைகளோ பலர். ஜேம்ஸ் பத்தாவது குழந்தை, ஆண்மக்களுள் ஏழாமவர். முறையான பள்ளிக்கல்வி அவருக்கு அதிகம் கிட்டவில்லை.

எனினும் கை நுட்பமானது. சிறு பொறிகளைச் செய்வதிலும், கண்டதைக் கோடு பிசகாமல் வரைவதிலும் அவர் வல்லவர். ஆதலால் கட்டடக் கலை பயிலுமாறு அகஸ்டஸ் பியூஜின் என்னும் புகழ்பெற்ற வரைகலைஞரிடம் அனுப்பப்பட்டார். அங்கேதான் துன்பம் நேர்ந்தது. இடைவிடாது நுண்ணிய கோடுகளை வரைந்ததால் கண்கள் நோயுற்றன. கட்டடக் கலைஞராகும் எண்ணத்தைக் கைவிட வேண்டியதாயிற்று.

இந்திய நாணயச்சாலைகளில் உலோகச் சோதனைப் பணிக்கு ஆள் தேவை என்பதைத் தந்தை அறிந்திருந்தார். மகனை இலண்டனில் கய் மருத்துவமனையில் வேதியியல் பாடம் கேட்கச் செய்தார். பின்னர், அரச நாணயச்சாலையின் சோதனைத் தலைவரான இராபர்ட் பிங்லியிடம் பயிற்சி பெறச் செய்தார். இவ்வாறு, பழுதுபட்ட கண்கள் ஓர் இளைஞனைக் கட்டடங்களிலிருந்து காசுகளின் பக்கம் திருப்பின. 1819-ஆம் ஆண்டு செப்டம்பரில், இருபது வயதில், அவர் கொல்கத்தாத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்.

அவர் கற்றுவந்த சோதனை எத்தகையது என்பதை இங்கே அறிந்துகொள்வது நலம். பொற்கொல்லர் நகையை உரைகல்லில் தேய்த்து, விழும் கோட்டின் நிறத்தைக் கொண்டு மாற்றைக் கணிப்பர். தேர்ந்த கண்ணுக்கு அது நல்ல வழியே. ஆனால் வெள்ளியில் கலந்துள்ள செம்பு ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று நிறத்தைக் கொண்டு சொல்லிவிட முடியாது. நாணயச்சாலைக்கு அந்தத் துல்லியம் வேண்டும்.

அதற்கு நெருப்பின் துணையை நாடினர். முதலில் காசிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்து மிகக் கவனமாக நிறுப்பர். அதை ஈயத் தகட்டில் சுற்றி, எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் இட்டு உலையில் வைப்பர். வெப்பத்தில் ஈயமும் காசுத் துண்டும் உருகி ஒன்றாகும. உலைக்குள் காற்று புகும்போது ஈயம் காற்றிலுள்ள உயிர்வளியோடு சேர்ந்து ஈய ஆக்சைடாக மாறும். செம்பும் அவ்வாறே ஆக்சைடாகி ஈய ஆக்சைடில் கரைந்துவிடும். எலும்புச் சாம்பலின் சிறப்பு என்னவென்றால், உருகிய ஆக்சைடை அது நீரை மணல் உறிஞ்சுவதுபோல உறிஞ்சிக்கொள்ளும். உருகிய வெள்ளியை உறிஞ்சாது. வெள்ளி ஆக்சைடாக மாறுவதும் இல்லை. ஆகவே கிண்ணத்தின் நடுவில் வெள்ளி மட்டும் ஒரு மணிபோல எஞ்சும். இறுதிக் கணத்தில் அம்மணியின்மேல் வானவில் நிறங்கள் ஓடி மறையும். உடனே அது பளிச்சென்று ஒளிரும். சோதனை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

பிறகு அந்த மணியை நிறுப்பர். முதல் எடைக்கும் இந்த எடைக்கும் உள்ள வேறுபாடே காசில் இருந்த கலப்பு. பொன் நாணயமாக இருந்தால் மற்றொரு படி உண்டு. வெள்ளியும் பொன்னும் ஒன்றாக எஞ்சியிருக்கும் ஆதலால், அக்கலவையைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இடுவர். அமிலம் வெள்ளியைக் கரைத்துக்கொண்டு போகும். பொன் கரையாமல் நிற்கும்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இச்சோதனையில் தவறு நேர வழிகள் பல. உலை மிகச் சூடானால் வெள்ளியில் சிறிது ஆவியாகிப் போய்விடும். சூடு குறைந்தால் ஈயம் முழுதும் நீங்காது. ஒரு சிறு துண்டில் செய்த பிழை அந்தத் துண்டோடு நிற்பதும் இல்லை. அத்துண்டு ஒரு பெருங்குவியலின் சார்பாக உலைக்குச் செல்கிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை என்றால், ஓர் இலட்சம் ரூபாயில் நூறு ரூபாய் எடையுள்ள வெள்ளி கணக்கில் தவறிவிடும்.

கொல்கத்தாவுக்கு வந்த ஓராண்டுக்குள் பிரின்செப் காசி நகரத்து நாணயச்சாலைக்குச் சோதனைத் தலைவராக அனுப்பப்பட்டார். பத்தாண்டுகள் அங்கே இருந்தார். அலுவல் நேரம் போக எஞ்சிய பொழுதை அவர் வீணாக்கியதே இல்லை. நகரை அளந்து வரைபடம் தீட்டினார். மக்கள்தொகையைக் கணக்கெடுத்தார். தேங்கிக் கிடந்த குளத்து நீரை வெளியேற்ற நிலத்தடியில் வளைவுச் சுரங்க வாய்க்கால் அமைத்தார். கரமநாசா ஆற்றின்மேல் பாலம் கட்டினார். ஔரங்கசீப் மசூதியின் தளர்ந்துபோன கோபுரங்களைச் செப்பனிட்டார். கட்டடக் கலையை அவர் கைவிட்டாலும் அது அவரைக் கைவிடவில்லை போலும்.

எனினும் அறிவுலகம் அவரை முதலில் அறிந்தது காசியின் உலையருகே செய்த ஆய்வினால்தான். உலையின் வெப்பம் எவ்வளவு என்பதை அக்காலத்தில் எவரும் சரியாக அளக்க முடியவில்லை. பாதரச வெப்பமானி அவ்வெப்பத்தில் பயன்படாது, பாதரசமே கொதித்துவிடும். இங்கிலாந்தில் வெட்ஜ்வுட் என்னும் மட்பாண்டத் தொழிலதிபர், களிமண் துண்டுகள் சூட்டில் எவ்வளவு சுருங்குகின்றன என்பதைக் கொண்டு ஓர் அளவு முறையை வகுத்திருந்தார். அது தந்த எண்கள் உண்மைக்கு வெகுதொலைவில் இருந்தன.

பிரின்செப் தம் கைப்பழக்கமான உலோகங்களையே துணைக்கொண்டார். வெள்ளி உருகும் வெப்பத்தைவிடப் பொன் உருகும் வெப்பம் மிகுதி. பிளாட்டினத்திற்கு அதைவிடவும் மிகுதி. இன்றைய அளவில் சொன்னால் வெள்ளி ஏறத்தாழ 962 பாகையிலும், பொன் 1064 பாகையிலும், பிளாட்டினம் 1768 பாகை செல்சியசிலும் உருகும். இம்மூன்றையும் வெவ்வேறு விகிதங்களில் கலந்தால், ஒன்றைவிட ஒன்று சற்று மிகுந்த வெப்பத்தில் உருகும் கலவைகளின் வரிசை கிடைக்கும். குண்டூசித் தலையளவான துண்டுகளாக அவற்றைச் செய்து உலையில் வைத்தார். எது உருகி உருண்டது, எது உருகாமல் நின்றது என்று பார்த்தால் வெப்பநிலை தெரிந்துவிடும். உருண்டவற்றைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அத்துடன் பொன்னாலான குமிழ் ஒன்றைச் செய்து, அதனுள் இருக்கும் காற்று சூட்டில் எவ்வளவு விரிகிறது என்பதைக் கொண்டும் வெப்பத்தைக் கணக்கிட்டார். இவ்வாய்வு 1828-ஆம் ஆண்டு இலண்டன் இராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் அக்கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை.

1830-ஆம் ஆண்டு காசி நாணயச்சாலை மூடப்பட்டது. பிரின்செப் கொல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே ஸ்டிராண்டு சாலையில், கிரேக்கக் கோயிலைப் போன்ற தூண்களுடன், புதிய வெள்ளி நாணயச்சாலை எழுந்திருந்தது. அதனை வடிவமைத்தவர் ஃபோர்ப்ஸ் என்னும் படைப்பொறியாளர். நீராவிப் பொறிகள் அங்கே காசுகளை அடித்துத் தள்ளின. சோதனைத் தலைவராக இருந்த வில்சன் வடமொழிப் பேராசிரியராக ஆக்ஸ்ஃபோர்டுக்குச் சென்றபின், 1832-இல் அப்பதவி பிரின்செப்பிற்குக் கிடைத்தது.

அங்கே அவர் ஒரு தராசு செய்தார். ஒரு கிரெயின் என்பது ஏறத்தாழ 65 மில்லிகிராம். அதில் ஆயிரத்தில் மூன்று பங்கு எடை வேறுபட்டாலும் அத்தராசு காட்டிவிடும். ஓர் அரிசியின் எடையில் நூறில் ஒரு பங்கு அளவு என்று கொள்ளலாம். காற்று அசைந்தால் தட்டு அசையும். மூச்சு விட்டால் முள் நகரும். கொல்கத்தாவின் புழுக்கத்தில், விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இத்தகைய தராசின்முன் அமர முடியும்.

இவ்வளவு நுட்பம் எதற்கு என்று கேட்கலாம். அக்கால நாணய வழக்கத்தை அறிந்தால் விடை கிடைக்கும்.

அந்நாளில் இந்தியாவில் ரூபாய் என்பது ஒரே பொருளைக் குறிக்கும் சொல்லாக இருக்கவில்லை. வங்கத்தில் சிக்கா ரூபாய். வடக்கே ஃபரூக்காபாது ரூபாய். மேற்கே பம்பாய் ரூபாய். தெற்கே சென்னை ரூபாய். நம் ஆற்காட்டுப் பெயரைத் தாங்கிய ரூபாய் வங்கத்துக் கடைத்தெருக்களிலும் புழங்கியது. எடையும் மாற்றும் ஒன்றுக்கொன்று வேறு. அது போதாதென்று, காசின் வயதும் அதன் மதிப்பைக் குறைத்தது. முகலாயர் வழக்கப்படி காசின்மேல் அரசரின் ஆட்சியாண்டு பொறிக்கப்படும். புதுக்காசுக்கு முழு மதிப்பு. ஆண்டுகள் கழியக் கழியச் சராபுகள் அதற்கு வட்டம் என்னும் கழிவு பிடித்துக்கொள்வர். இதைத் தவிர்க்கக் கம்பெனியார் ஒரு விந்தையான வழியைக் கண்டனர். எந்த ஆண்டில் அடித்தாலும், சிக்கா ரூபாயில் முகலாயப் பேரரசர் ஷா ஆலமின் 19-ஆம் ஆட்சியாண்டு என்றே பொறித்தனர். அவ்வரசர் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பின்னும் காசில் அந்த 19-ஆம் ஆண்டு முடியவே இல்லை!

துன்பப்பட்டவர் யார்? நெல் விற்றவன், நெய்தவன், கூலி பெற்றவன். கையிலிருக்கும் காசில் வெள்ளி எவ்வளவு என்று அவனுக்குத் தெரியாது. கொடுக்கும்போது ஒரு மதிப்பு, வாங்கும்போது ஒரு மதிப்பு. வரி கட்டும் இடத்தில் ஒரு கழிவு, கடையில் வேறொரு கழிவு. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் சென்றாலே பணம் தேய்ந்தது. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் பெரிது.

பிரின்செப் எல்லாக் காசுகளின் எடையையும் மாற்றையும் பட்டியலிட்டு வெளியிட்டார். நாடு முழுவதற்கும் ஒரே ரூபாய் வேண்டும். எடைக்கல்லும் அதனோடு பொருந்த வேண்டும் என்று வாதிட்டார். 1833-ஆம் ஆண்டின் சட்டத்தால் ஒரு தோலா என்பது 180 கிரெயின், அதாவது ஏறத்தாழ 11.66 கிராம் என்று வரையறுக்கப்பட்டது. 80 தோலா ஒரு சேர். 40 சேர் ஒரு மணங்கு. 1835-ஆம் ஆண்டின் சட்டம் ரூபாயையும் அதே எடைக்குக் கொண்டுவந்தது. 180 கிரெயின் எடையில் 165 கிரெயின் தூய வெள்ளி. எஞ்சிய 15 கலப்பு. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி என்பது கணக்கு. இது புதிதாகப் பிறந்த அளவன்று. வராகனுக்கு மாற்றாகச் சென்னையில் 1818 முதல் வழங்கிய ரூபாயின் அளவும் இதுவே. அதையே நாடு முழுவதும் ஏற்றது. கொல்கத்தா நகைக்கடைகளில் இன்றும் ஒரு போரி தங்கம் என்று கேட்பர். அந்தப் போரியும் இந்தத் தோலாவும் ஒன்றே.

புதிய ரூபாயில் முகலாயர் பெயர் இல்லை. இங்கிலாந்து அரசரின் தலையுருவம் இருந்தது. வரி தண்டுவதும் வணிகம் செய்வதும் கம்பெனிக்கு அதனால் எளிதாயின என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் காசின் வயதைக் காட்டிக் கழிவு பிடிக்கும் வழக்கம் அதன்பின் நிலைக்க முடியவில்லை.

பகலில் நாணயச்சாலை, மாலையில் பார்க் தெருவிலுள்ள ஆசியக் கழகம். 1832 முதல் அக்கழகத்தின் செயலாளராகவும், அதன் மாத ஏட்டின் ஆசிரியராகவும் பிரின்செப் விளங்கினார். அங்கே அவரிடம் வேறு வகைக் காசுகள் வந்து குவிந்தன. பஞ்சாபின் மாணிக்கியாலாத் தூபியைத் தோண்டிய தளபதி வெந்தூரா, ஆப்கானிய மேடுகளில் காசு பொறுக்கிய மாசன், இன்னும் படைவீரர், மருத்துவர், பொறியாளர் எனப் பலரும் மண்ணிலிருந்து கிடைத்தவற்றை அனுப்பினர். நாணயச்சாலைக்குப் பழங்காசு வந்தால் அதன் விதி பெரும்பாலும் மூசையில் முடியும். உருகும்; புது ரூபாயாக மாறும். அதே மனிதரின் மேசைக்கு ஆசியக் கழகத்தில் வந்த காசோ உருகாமல் தப்பியது. அங்கே அவர் அதன் உள்ளே இருந்த வெள்ளியை விட்டுவிட்டு மேலே இருந்த எழுத்தைப் பார்த்தார். ஏட்டிற்கான காசுப் படங்களைத் தம் கையாலேயே செப்புத் தகட்டில் செதுக்கினார். நுண்கோடுகள் வரைந்து கண்ணைக் கெடுத்துக்கொண்ட பழைய பாடம் அவருக்கு மறந்துவிட்டது போலும்.

(பழங்காசின் உட்பொருளும் வியப்புத் தரக்கூடியதே. பாக்திரிய அரசர் யூத்திடெமசின் பெயர் பொறித்த நாணயம் ஒன்றை 1868-இல் ஃபிளைட் என்னும் வேதியியலர் சோதித்தபோது, அது செம்பும் நிக்கலும் கலந்ததென்று தெரிந்தது. நிக்கல் என்பது தனி உலோகம் என்று ஐரோப்பியர் அறிந்ததோ 1751-இல்தான்! ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், பெயர் அறியாமலே அதைக் காசாக்கியிருக்கின்றனர்.)

வடமேற்கிலிருந்து வந்த காசுகளில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும், மறுபுறம் வலமிருந்து இடமாக ஓடும் அறியாத எழுத்தும் இருந்தன. இருபுறமும் ஒரே அரசனின் பெயராகத்தான் இருக்கும். பெயரோடு பெயரை ஒப்பிட்டு, பிறருடன் சேர்ந்து பிரின்செப் அந்தக் கரோஷ்டி எழுத்துகளை ஒவ்வொன்றாக அடையாளம் கண்டார்.

அதைவிடப் பெரிய புதிர் ஒன்று இருந்தது. தில்லியிலும் அலகாபாதிலும் நின்ற பழந்தூண்களில் குச்சிகளை அடுக்கினாற்போன்ற எழுத்துகள் இருந்தன. அவற்றைப் படிக்கவல்லவர் எவரும் இல்லை. 1837-ஆம் ஆண்டு சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்து கேப்டன் ஸ்மித் எடுத்தனுப்பிய படிகள் பிரின்செப்பிடம் வந்தன. எல்லாம் ஒரு வரி, இரண்டு வரி. அச்சுக்கு வரைந்துகொண்டிருந்தபோது ஒன்று அவர் கண்ணில் பட்டது. ஏறத்தாழ எல்லா வரிகளும் ஒரே இரண்டு எழுத்துகளில் முடிந்தன. கோயில்களில் தூணையோ விளக்கையோ கொடுத்தவர் தம் பெயரைப் பொறிப்பது இந்நாட்டு வழக்கம். அப்படியானால் ஒவ்வொரு வரியும் இன்னாருடைய கொடை என்றுதானே இருக்கும்? கொடைக்குரிய சொல் தானம். இறுதி எழுத்தின் அருகே ஒரு புள்ளியும் இருந்தது. அது மகர ஒலி.

தானம் என்ற சொல்லுக்கு முன் நின்ற எழுத்தை அவர் ஏற்கெனவே அறிந்திருந்தார். அந்த நாள்களில் சௌராட்டிரத்து வெள்ளிக் காசுகளை அவர் படித்துக்கொண்டிருந்தார். அக்காசுகளில் இன்னாருடைய என்னும் பொருள்தரும் ச என்ற எழுத்து மீண்டும் மீண்டும் வந்தது. அதுவே இங்கும்! காசு சொன்னதைக் கல் உறுதிசெய்தது. த, ந, ச என்ற மூன்றும் கைவந்தபின் மற்ற எழுத்துகள் மிக விரைவில் இணங்கின. பிராமி எழுத்தின் பூட்டுத் திறந்தது.

இது ஒருவர் தனியே செய்த செயலும் அன்று. ஆசியக் கழகத்துப் பண்டிதர் கமலாகாந்த வித்யாலங்கார் சொற்களுக்குப் பொருள் காண உதவினார். தூண்களில் தேவானாம்பிரிய பியதசி என்று தன்னைக் கூறிக்கொண்ட அரசன் யாரென்று தெரியாமல் இருந்தது. இலங்கையில் பாலி நூல்களை ஆராய்ந்த ஜார்ஜ் டர்னர், அவன் மௌரிய அசோகனே என்று எடுத்துக்காட்டினார். பிரின்செப்பின் வாசிப்பில் பிழைகளும் இருந்தன. பின்வந்தோர் அவற்றைத் திருத்தினர். அவ்வாறு திருத்தமாகப் படித்தபோது, அசோகனின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்தவர்களாகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் என்னும் பெயர்கள் கல்லில் நின்றன. தமிழ்நாட்டுக் குகைகளில் உள்ள தமிழி எழுத்துகளைப் படிக்கும் வழியும் இதனாலேயே பிறந்தது. சத்தியபுத்திரர் யார் என்ற வினாவுக்கு 1981-இல் விழுப்புரம் பகுதியின் ஜம்பை என்னும் ஊரில் விடை கிடைத்தது. அங்குள்ள கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்று குறிக்கிறது. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் பெயர் அது.

1838-ஆம் ஆண்டு பிரின்செப்பிற்குத் தீராத தலைவலி தொடங்கிற்று. உலைச் சூடும், தராசின் நுண்முள்ளும், நள்ளிரவு வரை விளக்கொளியில் எழுத்துப் படிப்பும் ஓருடல் தாங்கும் சுமை அல்ல. மணமாகி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன, கையில் பெண்குழந்தை. நண்பர்கள் வற்புறுத்தவே, அவ்வாண்டு நவம்பரில் மேசையில் காசுகளைப் பாதி படித்தபடியே விட்டுவிட்டுக் கப்பலேறினார். கடற்காற்று அவரைத் தேற்றவில்லை. இங்கிலாந்தை அடைந்தபோது நினைவாற்றலே தளர்ந்திருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்தறிந்த அந்த மூளை நலிந்து, 1840-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார். வயது நாற்பது.

அவர் சேர்த்த நாணயங்களைப் பின்னர்ப் பிரித்தானிய அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இமயமலைச் சரிவில் வளரும் முட்செடி ஒன்றுக்குத் தாவரவியலார் பிரின்செப்பியா என்று பெயரிட்டனர். ஸ்டிராண்டு சாலையின் வெள்ளி நாணயச்சாலை, 1952-இல் அலிப்பூரில் புதிய சாலை திறக்கப்பட்டபின் பணி ஓய்ந்தது. அதன் கிரேக்கத் தூண்கள் இன்னும் நிற்கின்றன. கொல்கத்தா மக்கள் அவர் நினைவாக ஆற்றங்கரையில் மண்டபம் எழுப்பினர். ஃபிட்ஸ்ஜெரால்டு என்பவர் வடிவமைத்த அம்மண்டபம் 1843-இல் கட்டப்பட்டது. வில்லியம் கோட்டையின் இரு வாயில்களுக்கு இடையே, கப்பலில் வந்து இறங்குவோர் முதலில் காணும் இடமாக அது அமைந்தது.